விழாததைச் சொல்ல வந்தவர்

வெள்ளவத்தையில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்தேன். யுத்தகாலம். என் நாட்குறிப்பின்படி, பொங்கலுக்கு அடுத்த செவ்வாய், காலை ஒன்பதே காலுக்குச் சரஸ்வதி அக்கா வந்தார். வயது ஐம்பத்தெட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடா விசாவுக்காக லொட்ஜில் காத்திருந்தவர். குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்திருந்தது.

பிலிமைக் கழுவினேன். எலும்பு வெள்ளையாக விழவில்லை, சாம்பலாகத் தெரிந்தது. மெஷினைத் திட்டிக்கொண்டே இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படியே.

"ஐசே, நேற்று எடுத்த கொட்டாஞ்சேனை மனுசன்ர படத்தைக் கொண்டாரும்" என்றார் படங்களைப் பார்த்த எங்கள் டொக்டர்.

அது ஒரு துறைமுகத் தொழிலாளியின் மணிக்கட்டு. அதே மெஷினில், அதே கதிர் அளவில் எடுத்தது. எலும்பு சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது.

"மெஷின் சரி. அக்காவின்ர எலும்புதான் மெலிஞ்சு போச்சு. வெளியில நடக்கிறனீங்களோ?"

"எங்க டொக்டர்? எட்டு மாசமா அறைக்குள்ளதான். செக்பொயின்டில பிடிச்சா ஆர் என்னை எடுக்கிறது?"

லொட்ஜில் எல்லோரும் அப்படித்தான். வெயிலுமில்லை, நடையுமில்லை.

"இனி விழுந்து இடுப்பு முறிஞ்சா, பிளேன் ஏறுறது கஷ்டம்."

அக்காவின் முகம் வாடியது. கனடாவில் இருக்கும் மகளைக் கண்டு ஒன்பது வருடம்.

"லொட்ஜில மொட்டை மாடி இருக்கோ?" என்று கேட்டேன்.

"உடுப்புக் காயப்போடுற இடம்."

"அங்க நடவுங்கோ."

டொக்டர் பாலும் நெத்தலியும் சேர்க்கச் சொன்னார். குளியலறைக்கு ரப்பர் பாய். "எலும்பு கெதியாத் தேறாது. ஆனா கால் உறுதியானா விழமாட்டீங்கள்."

ஒரு மாதத்தில் லொட்ஜே மாடியில் நடந்தது. கீழே காவல் நின்ற சிப்பாய் சந்தேகத்தோடு, "அம்மே, மொகத கரன்னே?" என்று கத்தினானாம். என்ன செய்கிறீர்கள் என்கிறான். அக்கா மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி, தெரிந்த இரண்டு சிங்களச் சொல்லில், "டொக்டர் கிவ்வா!" என்றாராம், டொக்டர் சொன்னார் என்று. பிறகு அவர் பிந்தினால் அவனே அண்ணாந்து தேடுவானாம்.

ஆவணி கடைசி வெள்ளி, அக்கா மறுபடி வாசலில்.

"ஐயோ அக்கா, இப்ப எங்க முறிஞ்சது?"

"உன்ர வாயைக் கழுவு! படியில கால் தடக்கினது. கம்பியைப் பிடிச்சு நிண்டிட்டன். படம் எடுக்க வரேல்லைத் தம்பி, விழேல்லை எண்டு சொல்ல வந்தனான். விசாவும் வந்திட்டுது!"

இத்தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எலும்பு சாம்பலாகத் தெரிந்தால் மெஷினைப் பாருங்கள்; அந்த மனிதர் தன் நாட்களை எப்படிக் கழிக்கிறார் என்றும் கேளுங்கள்.

அதுவரை என் நாட்குறிப்பில் முறிவுகள் மட்டுமே இருந்தன. அன்று எழுதினேன்: "சரஸ்வதி அக்கா. இடுப்பு. முறியவில்லை. பிலிம் செலவில்லை."