மெத்தையின் மேல் போட்ட பழி

பெஹாலாவில் யாரைக் கேட்டாலும் ஜலஜாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்பார்கள். அலிப்பூரில் ஒரு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, வாடிக்கையாளர்களை வாய் திறக்காமல் வரிசையில் நிற்க வைப்பவள். வங்காளிகள் வாயில் ஜலஜா அக்கா என்பது 'ஜொலொஜா-தி' ஆகிப் போனாலும் அவளுடைய அதட்டல் மட்டும் அசல் தஞ்சாவூர்தான். ஒருமுறை மினிபஸ்ஸில் பர்ஸில் கை விட்டவனைக் காலரோடு பிடித்து, தன் நிறுத்தம் வரும்வரை விடாமல் வந்து போலீஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, தாமதமில்லாமல் வேலைக்கும் போய்ச் சேர்ந்தாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு மெத்தை வாங்கப் பயந்தாள்.

வீட்டில் இருந்தது தேங்காய் நார் மெத்தை. கல்யாணமான புதிதில் வாங்கியது. நடுவில் பள்ளம் விழுந்து, இரண்டு ஓரத்தில் படுத்தவர்களும் விடிவதற்குள் நடுவில் உருண்டு வந்து சேர்வார்கள். இளவயதில் அது சௌகரியமாக இருந்திருக்கலாம். இப்போது முட்டி முட்டியோடு இடித்துக்கொள்கிறது. போன துர்கா பூஜையிலிருந்து ஜலஜாவுக்கு முதுகு வலி. இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடம்.

"மெத்தையாலதான்," என்றார் கணவர் சிவராமகிருஷ்ணன். அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தடவை சொன்னதை நாலு தடவை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "இதைத் தூக்கி எறிஞ்சுட்டு நல்லதா ஒண்ணு வாங்கிட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

கீழ்வீட்டு போஸ் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். வங்கியிலும் அதைத்தான் சொன்னார்கள். ஊரே சேர்ந்து அந்தப் பாவப்பட்ட மெத்தையின் மேல் பழியைப் போட்டது. ஜலஜாவும் தலையாட்டினாள்.

ஆனால் கடைக்குப் போனால் ஒன்றும் பிடிக்காது. ஃபோம் சுடும் என்றாள். ஸ்பிரிங் சத்தம் போடும் என்றாள். லேடெக்ஸில் ரப்பர் வாடை வருகிறதாம். மெமரி ஃபோம் என்று ஒன்றைக் காட்டினார்கள். "நமக்கே ஞாபகம் நிக்கமாட்டேங்கறது, மெத்தைக்கு என்னத்துக்கு ஞாபகம்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். கையால் அமுக்கிப் பார்ப்பாளே தவிர, எதிலும் முதுகைச் சாய்க்க மாட்டாள். நாலு பேர் நடமாடுகிற கடையில் பொம்பளை எப்படிப் படுப்பது என்று கூச்சப்படுகிறாள் போலிருக்கிறது என்று சிவராமகிருஷ்ணன் நினைத்துக்கொண்டார். கஞ்சத்தனம் என்றும் ஒரு சந்தேகம் அவருக்கு இருந்தது.

இரண்டும் இல்லை. ஜாதவ்பூரில் இருந்த அவளுடைய அக்கா நாகலட்சுமிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதுகு வலி. மெத்தை சரியில்லை என்றார்கள். புதிது வாங்கினார்கள். அதுவும் சரியில்லை என்று அதைக் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்கினார்கள், அதற்கடியில் பலகை போட்டார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது, வேறெங்கோ கிளம்பிய புற்று முதுகெலும்புக்கு வந்து வெகுநாளாகியிருந்தது. அக்கா போன மறுநாள், இந்த ஊர் வழக்கப்படி, அவள் படுத்திருந்த மெத்தையைத் தெருமுனையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இரண்டு மழைக்குப் பிறகும் அது அங்கேயே கிடந்தது. ஓரத்தில் கம்பெனி ஒட்டிய லேபிள்கூடக் கிழியவில்லை. பஸ் ஜன்னலில் இருந்து அதைப் பார்த்த அன்றைக்கு ஜலஜா வேலைக்குப் போகவில்லை.

அவள் கணக்கு எளிமையானது. பள்ளம் விழுந்த மெத்தை வீட்டில் இருக்கிற வரைக்கும் வலிக்கு அது காரணம். நல்ல மெத்தை வந்தும் வலி போகாவிட்டால் அப்புறம் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் அந்தப் பழைய நார் மெத்தையை உயிரைப் பிடித்துக்கொள்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். காலையில் கண் விழித்ததும் முதல் வேலை, அசையாமல் கிடந்து வலி இருக்கிறதா என்று பார்ப்பது. இருக்கும். 'பாழாப்போன மெத்தை' என்று வாய்விட்டுத் திட்டிவிட்டு எழுந்து காபி போடப் போவாள்.

பெங்களூரில் இருக்கிற பிள்ளை மாதவ்தான் காரியத்தைக் கெடுத்தான்.

"எதுக்கும்மா இத்தனை ஜாமேலா, அலைச்சல்? நான் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிடறேன். நூறு நாள் படுத்துப் பாரு. வலி போகலேன்னா அவாளே வந்து எடுத்துண்டு போயிடுவா."

நூறு நாளா? தினம் ஒரு பரீட்சையாக நூறு பரீட்சையா? "வேண்டாம், நாங்களே கடைக்குப் போறோம்," என்று அவசரமாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சிவராமகிருஷ்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

முகமது ரபீக்கின் கடை டிராம் டிப்போ பக்கம். மாடி முழுக்க மெத்தை. ரபீக்குக்கு வியாபாரத்தில் ஒரே ஒரு பிடிவாதம்தான்: படுத்துப் பார்க்காதவர்களுக்கு விற்க மாட்டான். ஜலஜா வழக்கம்போல் கையால் அமுக்கிவிட்டு, ரொம்பக் கெட்டி என்றாள்.

"கைக்கா முதுகு வலி, மாஷிமா?" என்று சித்தி முறை வைத்து வங்காளியில் கேட்டான் அவன். சிவராமகிருஷ்ணனைக் காட்டி, "மேஷோமொஷாயும் கூடப் படுக்கட்டும். வீட்டில் ரெண்டு பேரும்தானே படுக்கிறீர்கள்? நான் அந்தப் பக்கம் போய்விடுகிறேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லுங்கள்."

இதற்கு என்ன சாக்குச் சொல்வது? சிவராமகிருஷ்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, கல்யாண வீட்டு ஜமக்காளத்தில் இடம் பிடிக்கிறவர் மாதிரி ஏறிப் படுத்தே விட்டார். ஜலஜா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சாய்ந்தாள்.

நல்ல மெத்தை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோளைத் தாங்கியது, இடுப்பைத் தாங்கியது, பள்ளமில்லை. உடம்பு முழுக்கச் சுகமாக இருந்தது. அந்த ஒரு விரல் இடம் மட்டும் வலித்தது. ஒருக்களித்துப் பார்த்தாள். வலித்தது. முழங்காலை மடக்கினாள். அப்போதும் வலித்தது.

கீழே கடைக்காரர்கள் வங்காளியில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வரிசையில் ஒரு இளம் தம்பதி, குழந்தையை ஸ்பிரிங் மெத்தையில் குதிக்க விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாடியில் தமிழ் தெரிந்தவர்கள் இவர்கள் இருவர்தான்.

"ஜலஜா," என்றார் சிவராமகிருஷ்ணன், விட்டத்தைப் பார்த்துக்கொண்டே. "எப்படி இருக்கு?"

"நன்னா இருக்கு."

"வலி?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் மெத்தை மெத்தைன்னு உன் பிராணனை வாங்கினேனே, ஏன் தெரியுமா?" என்றார். "அது மெத்தையாவே இருக்கணும்னுதான். உன் அக்கா நாகுவுக்கு ஆனது எனக்கு மறந்தா போச்சு? ராத்திரி நீ திரும்பிப் படுக்கறச்சே முனகறியே, நான் தூங்கற மாதிரி படுத்துண்டிருப்பேன்."

இத்தனை நாளும் தான் ஒருத்திதான் இதைச் சுமக்கிறோம் என்று ஜலஜா நினைத்திருந்தாள். பக்கத்திலேயே இன்னொருவர் அதே பயத்தோடு, அதே பள்ளத்தில் உருண்டு கிடந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. அவர்மேல் கோபமும் வந்தது.

"ஏன்னா, போகலை," என்றாள். "வலி அப்படியே இருக்கு. அக்கா தொட்டுக் காட்டுவாளே, அதே எடம்."

"சரி."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். நாளைக்குக் காலம்பற டாக்டர்ட்ட போயிடலாம். இனிமே தள்ளிப்போட வேண்டாம்."

அவள் தலையை அசைத்தாள். அதை அவர் பார்க்காவிட்டாலும் மெத்தை அசைந்ததில் தெரிந்துகொண்டார்.

ரபீக் வந்து நின்றான். "என்ன மாஷிமா, பிடித்ததா? இல்லை வேறு காட்டட்டுமா?"

ஜலஜா கண்ணைத் திறக்கவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டால் படியிறங்க வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும், நாளைக்கு என்பது அப்போதே ஆரம்பித்துவிடும். அவளுடைய கை மெத்தை விரிப்பின்மேல் நகர்ந்துபோய்க் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது.

"இதுவே போதும்ப்பா," என்றாள் வங்காளியில். "பில் போடு. நாங்கள் இன்னும் கொஞ்சம் படுத்திருக்கிறோம்."