தண்ணீர்ச் சங்கத்துக்குப் பூட்டுப் போட்ட கதை

நெட்வர்க் போட்டுக் கொடுக்கிற தொழிலில் வயர் இழுக்கிறது லேசு, கொம்பியூட்டர்களை ஒன்றோடு ஒன்று பேச வைக்கிறது அதைவிட லேசு. எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம், யார் திறக்கக்கூடாது என்று ஒரு முடிவு எடுக்க வைக்கிறதுக்குள்ளேதான் மனிசனுக்குச் சீவன் போய்விடும். இதே தொழிலில் கிடந்து மாய்கிற சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஒப்பீஸில் நாலு கொம்பியூட்டர் இருந்தால், நாலிலும் ஒரே ஃபோல்டர் தெரிகிற மாதிரிச் செய்யலாம். அதில் சிலருக்கு எழுத விடலாம், சிலருக்குப் பார்க்க மட்டும் விடலாம். விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்காக நான் கற்பிட்டியிலிருந்து கண்டக்குழிப் பாதையில் எத்தனை தரம் மோட்டார் சைக்கிளில் மணல் தின்றேன் என்று எனக்கே கணக்கில்லை. ஊரின் பெயரைக் கேட்காதீர்கள். நான் இன்னும் அந்த வழியால்தான் போய்வர வேண்டியிருக்கிறது.

யார் எழுத, யார் பார்க்க

தண்ணீர்ச் சங்கம் என்றால் பெரிய கட்டிடம் ஒன்றும் இல்லை. இரண்டு அறை, வளவின் மூலையில் ஒரு பம்ப் அறை. ஊர்க் கிணறெல்லாம் உவராகிவிட்டதால் சங்கம்தான் தண்ணீரைச் சுத்தம் பண்ணி வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கிறது. தலைவர் ஹாஜியாருக்கு ஒரு கொம்பியூட்டர். செயலாளர் மாஸ்டருக்கு ஒன்று. ஊரில் பாதிப் பேருக்கு அ, ஆ படிப்பித்து ஓய்வு பெற்றவர். விண்ணப்பம் எடுக்கிற நஸ்ரினாவுக்கு ஒன்று, பம்ப் பார்க்கிற மரியதாஸ் அண்ணனுக்கு ஒன்று. நாலிலும் தெரிய வேண்டியது ஒரே ஒரு லிஸ்ட்: குழாய் கேட்டவர்களின் பெயர், விண்ணப்பித்த திகதி வரிசையில். இந்த முறை பன்னிரண்டு தண்ணீர் மீற்றர்தான் வருகிறது. முதல் பன்னிரண்டு பெயருக்குத் தண்ணீர், மற்றவர்களுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம்.

நான் கேபிள் முனையில் பிளக்கை வைத்து நசுக்கிக்கொண்டிருக்கும்போது ஜெனீமா மாமி வந்தார். மருமகன் உச்சமுனைப் பக்கம் மீன் வாடியில் தங்கி வேலை. வீட்டில் மாமியும் மகளும்தான். மகளுக்கு ஏழு மாதம். மாமிக்கு வயிற்றில் ஒப்பரேஷன் முடிந்து, பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். தூக்காமல் என்ன செய்வது? பள்ளிவாசல் குழாயிலிருந்து கேன் கேனாகச் சுமந்துகொண்டுதான் இருந்தார். நஸ்ரினா லிஸ்டைப் பார்த்து, "ஒம்பதாம் நம்பர் மாமி, பயப்பட வாணாம்" என்றாள். மாமி என் பக்கம் திரும்பி, "மகன், கொம்பியூட்டர்ல ஏறினது ஏறினதுதானே?" என்று கேட்டார். ஓம் மாமி என்று பெரிய மனிசன் மாதிரிச் சொன்னேன்.

பிறகு நிர்வாகக் குழுவை இருத்தி வைத்துக் கேட்டேன்: லிஸ்டில் யார் எழுதுறது, யார் பார்க்க மட்டும்? மாஸ்டர் முகட்டைப் பார்த்தார். மரியதாஸ் அண்ணன் ஹாஜியாரைப் பார்த்தார். நஸ்ரினா மட்டும் எழுதட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும் என்று நானே வழி சொன்னேன். ஹாஜியார் என்னைத் தனியாக வெளியே கூட்டிப்போய், தோளில் கை போட்டு, எல்லாருக்கும் எல்லாம் திறந்து விடச் சொன்னார். எனக்கும் பசி, திறந்து விட்டேன். நல்ல காலம், அன்றைய லிஸ்டை ஒரு பிரதி எடுத்து என்னுடைய பென் ட்ரைவில் வைத்துக்கொண்டேன். ஹாஜியார் சொன்ன காரணம் இது:

"மகன், இந்த ஊர்ல ஒருத்தன்ட மொகத்தப் பாத்து, நீ பாக்க மட்டும்தான் எண்டு செல்லேலுமா?"

வைரஸ் வந்ததாம்

இரண்டு கிழமையில் சங்கத்திலிருந்து போன். லிஸ்டில் வைரஸ் பூந்திட்டாம், பெயர்கள் தன்பாட்டில் இடம் மாறுதாம். போனேன். ஜெனீமா மாமி பதினாலாம் நம்பரில் நின்றார். பன்னிரண்டுக்கு வெளியே.

வைரஸ் எங்கே? ஒரு மண்ணும் இல்லை. லிஸ்டுக்கு நடுவில் ஐந்து புது வரிகள். எந்தக் கொம்பியூட்டரிலிருந்து எப்போது சேமித்தது என்று எல்லாம் தெரிகிறது. ஹாஜியார் இரண்டு: ஒன்று தங்கச்சி வீடு, மற்றது தங்கச்சியின் சம்பந்தி வீடு. மரியதாஸ் அண்ணன் இரண்டு. குழாய் தாழ்க்க வெட்டுகிற கான் அந்த இரண்டு வீட்டு வாசலாலும்தான் போகிறதாம், திரும்ப ஒருமுறை வெட்டுவது வீண்தானே என்று என்னிடமே நியாயம் கேட்டார். மாஸ்டர் ஒன்று, பழைய மாணவன். எல்லாரும் நல்ல மனிதர்கள். ஒருவர்கூட ஒரு பெயரை அழிக்கவில்லை. வரிக்கு வரி இடையில் செருகிவிட்டு, கீழே இருக்கிறவர்கள் எங்கே போய் விழுகிறார்கள் என்று பார்க்காமல் எழும்பிப் போயிருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பழைய பிரதி என்னிடம் இருக்கிறது, இப்போதே பழையபடி ஆக்கட்டுமா என்று கேட்டேன். அதற்கு ஒரு கூட்டம் வைக்க வேண்டுமாம். கூட்டத்துக்கு ஆள் சேர வேண்டுமாம். மாஸ்டர், நீங்கள் படிப்பித்த மனிதர், நீங்களுமா என்று கேட்டேவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்:

"நான் ஒருத்தரையும் எறக்கல்ல தம்பி, ஒருத்தர ஏத்தினது மட்டும்தான்."

பெட்டி ஹாஜியாரை மறித்தது

கூட்டம் வரும்வரைக்கும் பூட்டாவது போடுவோம் என்று, நஸ்ரினாவுக்கு மட்டும் எழுதும் உரிமை வைத்து மற்ற மூன்று கொம்பியூட்டரையும் பார்க்க மட்டும் ஆக்கினேன். நான் வீடு வந்து சேர முன்னம் ஹாஜியாரின் போன் வந்துவிட்டது. யாரோ விருந்தாளிக்கு லிஸ்டைத் திறந்து காட்டி, அப்படியே ஒரு வரி போடப் பார்த்திருக்கிறார். உங்களுக்கு அனுமதி இல்லை என்று இங்கிலீஷில் திரையில் ஒரு பெட்டி எழும்பியிருக்கிறது. விருந்தாளிக்கு இங்கிலீஷ் தெரியுமாம். அதைச் சத்தமாக வாசித்தும் காட்டினாராம். தன் சொந்த ஒப்பீஸில் தன்னை மறிக்க இந்தப் பெட்டிக்கு யார் தைரியம் கொடுத்தது என்று ஹாஜியார் கேட்டார். நான்தான் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. சிக்னல் இல்லை ஹாஜியார் என்று போனை வைத்தேன்.

அடுத்தது மரியதாஸ் அண்ணன். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் மனதைக் குடைந்தது. பம்ப் அறைக்கு நான் போனபோது என் முகத்தைப் பார்க்காமலே, "பள்ளிவாசல் ஆக்களுக்குத் திறந்து விட்டு, மாதா கோயில் ஆக்களுக்குப் பூட்டினதோ தம்பி?" என்று கேட்டார். அண்ணன், அப்படியெல்லாம் இல்லை, வாருங்கள் என்று கையைப் பிடித்து ஹாஜியாரின் அறைக்குக் கூட்டிப்போய், அந்தக் கொம்பியூட்டரிலும் ஒரு எழுத்தைத் தட்டிக் காட்டினேன். அதே பெட்டி எழும்பியது. அண்ணனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். மூன்று தரம் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார்.

"ஹாஜியாருக்கும் பூட்டோ? அப்ப எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

பக்கத்துக் கதிரை

அடுத்த முறை நான் போனது கழுதை கடித்த கேபிளை மாற்ற. எங்கள் பக்கத்துக் கழுதைகளைப் பற்றித் தனியாக எழுதலாம், இப்போது வேண்டாம். கேபிளை மாற்றிவிட்டு லிஸ்டைத் திறந்தால் ஜெனீமா மாமி பதினாறு. பூட்டு இருக்கிறது, உரிமை எல்லாம் நான் வைத்தபடி இருக்கிறது. ஆனால் லிஸ்ட் வளர்ந்திருக்கிறது. எல்லா மாற்றமும் நஸ்ரினாவின் பெயரில்.

"பாஸ்வேர்டைக் கொடுத்தியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கொடுக்கவில்லை என்றாள். அழப்போகிற மாதிரி இருந்தாள். ஜெனீமா மாமி தினமும் வந்து நம்பர் கேட்கிறாராம். இவள் கொம்பியூட்டர் வேலை செய்யவில்லை மாமி என்று பொய் சொல்லி அனுப்புகிறாளாம். மகளுக்கு இப்போது எட்டு மாதம், கால் வீங்கிக் கிடக்கிறாளாம், மாமிதான் இன்னும் கேன் தூக்குகிறாராம். பாஸ்வேர்ட் கொடுக்காவிட்டால் இந்த வரியெல்லாம் எப்படி வந்தது என்று நான் விடாமல் கேட்டேன். ஹாஜியார் அவளுக்குச் சாச்சா, சித்தப்பா முறை. மாஸ்டர் அவளுக்கு எழுத்துப் படிப்பித்தவர். என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற அவள் குனிந்துகொண்டு சொன்னாள்:

"பாஸ்வேர்ட் கேட்டா இல்லையெண்டு செல்லலாம் நானா. கதிரய இழுத்துப் போட்டு பக்கத்துல ஒக்காந்தா, நான் என்னத்தச் செல்ற?"

சாவி என் தலையில்

கடைசியில் அந்தச் சங்கத்தைத் திருத்தியது நானில்லை, மீற்றர் கொண்டு வருகிற இஞ்சினியர். லிஸ்டைப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒட்ட வேண்டும், விண்ணப்பத் திகதியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டார். உடனே கூட்டம் கூடிற்று. இவ்வளவு நாள் சேராத ஆளெல்லாம் அரை மணித்தியாலத்தில் சேர்ந்தார்கள். பழைய லிஸ்டுதான் நியாயம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். செருகியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பென் ட்ரைவைச் செருகினேன். ஜெனீமா மாமி திரும்ப ஒன்பது. இனி ஊர்க்காரன் ஒருவனிடமும் பாஸ்வேர்ட் இருக்கக்கூடாது, வெளியாள் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் தலையில் கட்டினார்கள். மடையன் நான், பெருமையோடு வாங்கிக்கொண்டேன்.

நான் வெளியாள் என்று யார் சொன்னது? நான் இருப்பது பெண்சாதியின் வீட்டில். மாமியாரின் தங்கச்சி வீடு அந்த ஊரில், லிஸ்டில் பத்தொன்பதாம் நம்பர். மாமியார் என்னோடு நேரே கதைக்கமாட்டார், அது எங்கள் வீட்டு மரியாதை. குசினிக்குள் நின்று மகளிடம் சொல்வார், எனக்குக் கேட்கிற சத்தத்தில். முதல் நாள் தங்கச்சியின் முழங்கால் வருத்தத்தைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் நாள், எங்கள் கல்யாணத்துக்கு அந்தத் தங்கச்சிதான் முன்நின்று ஓடித் திரிந்ததைச் சொன்னார். மூன்றாம் நாள் என் சோற்றுக் கோப்பையில் பருப்பு மட்டும் இருந்தது. மீன் பொரித்த வாசம் வீடு முழுக்க. நான் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன். குசினியிலிருந்து குரல் வந்தது:

"ஒன்ட மாப்புளக்கிச் சோறு போடக்குள்ள நான் என்ன நம்பர் பாத்தா போடுறன் எண்டு கேளு புள்ள."

மாமி வந்தார்

பருப்பைத் தின்றுகொண்டே நான் அசையாமல் இருந்தேன். ஹாஜியார் ஆள் அனுப்பினார், முடியாது என்றேன். மாஸ்டர் சலாம் சொல்லி அனுப்பினார், பதில் சலாம் மட்டும் அனுப்பினேன். எல்லாம் அந்த ஒன்பதாம் நம்பருக்காக. அந்த மனிசி கேனைத் தூக்கித் தையல் பிரிந்து விழுந்தால், இதைத் திறந்து விட்டவன் என்று அல்லாஹ் என்னைத்தானே கேட்பான் என்று எனக்கு உள்ளுக்குள் பயம். முதல் நாள் பசியில் செய்த வேலை என்னைத் தூங்க விடவில்லை.

லிஸ்டைப் பிரதி எடுத்து ஒட்ட வேண்டிய நாளுக்கு முதல் நாள், ஜெனீமா மாமி பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். ஆளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். கதிரை போட்டேன். ஒன்பதாம் நம்பர் மாமி, மலைபோல நிற்குது, நாளைக்குப் போய் ஒட்டப் போகிறேன் என்று சொன்னேன். மாமி துப்பட்டியால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அல்லாஹ் ஒங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும் மகன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். பதின்மூன்றாம் நம்பர் அவருடைய தங்கச்சியாம். ஒரே ஒரு நம்பர்தானே, மேலே ஒரு இடத்தில் போட்டு விட வேண்டுமாம்.

உங்களைக் கீழே தள்ளினவர்களும் இதே ஒரு வரிதான் கேட்டார்கள் மாமி என்றேன். பன்னிரண்டாம் நம்பர்க்காரன் வெளியே போய்விடுவான் மாமி என்றேன். அந்த மனிசனை எனக்குத் தெரியாது மகன் என்றார். உங்களுக்காக நான் ஊரோடெல்லாம் சண்டை பிடித்தேன், வீட்டில் பருப்புத் தின்கிறேன், நீங்கள் வந்து இப்படிக் கேட்கலாமா என்று கேட்டேன். மாமி கோபப்படவில்லை. நான்தான் விளங்காமல் கதைக்கிறேன் என்பது போல, ஆறுதலாகச் சொன்னார்:

"எனக்காகச் சண்ட புடிச்ச மனிசன்ட்டக் கேக்காம, நான் வேற யார்ட்டப் போய்க் கேக்க?"

நான் திறக்கவில்லை. மாமி எழும்பிப் போனார். அடுத்த நாள் லிஸ்டை இருந்தபடியே பிரதி எடுத்துப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒட்டினேன். மகளுக்குப் பிள்ளை கிடைக்க நாலு நாள் இருக்கும்போது மாமி வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்று நஸ்ரினா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமி என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்.

நான் போட்ட ஒரு பூட்டால் பன்னிரண்டு வீட்டில் தண்ணீர் ஓடுகிறது, அந்த வழியால் தாகத்தோடு போகிற எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் தரத்தான் ஒரு வீடும் இல்லை.