வரப்பில் திறந்த மடை

ஜிப்சம் கல்லை நகத்தால் கீறினாலே கோடு விழும். அதை அரைத்த மாவை மூட்டை மூட்டையாக என் காட்டில் இறக்கியபோது, இந்தச் சாக்பீஸ் தூளா களர் மண்ணைத் திருத்தப் போகிறது என்று நக்கலாகச் சிரித்தவன் நான்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் எனக்கும் அண்ணனுக்கும் பாகம் பிரித்த நிலம். என்னுடையது மேடு, அவருடையது பள்ளம். உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரைப் பாய்ச்சிப் பாய்ச்சி என் பாகத்தை நானே கெடுத்து வைத்திருந்தேன். வெயில் ஏறினால் மண் வெள்ளையாகப் பூக்கும். சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுவிடும்.

வேளாண்மை ஆபீஸ் அம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். ஜிப்சம் மண்ணிலிருந்து உப்பைப் பிரித்துவிடும், ஆனால் வெளியே கொண்டுபோவது தண்ணீர்தான் என்றார். மாவைத் தூவி உழுது, மழைத்தண்ணீரைத் தேக்கி வடிக்க வேண்டும், மூன்று தடவை. வடிக்கும் தண்ணீர் அடுத்தவர் நிலத்துக்குப் போகக் கூடாது, வரப்போரமாக ஆழ வாய்க்கால் வெட்டி ஓடையில் விட்டுவிடுங்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

வரப்போரத்தில் என் தென்னம்பிள்ளைகள் நின்றன. வாய்க்கால் வெட்டினால் அந்த வரிசையே போய்விடும். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் உயிரைக்கூட விடுவான், ஒரு முழ நிலத்தை வாய்க்காலுக்கு விடமாட்டான். அண்ணன் குடும்பத்தோடு அயோத்தியாப்பட்டணத்துக்குக் காதுகுத்துக்குப் போயிருந்த அன்று, பட்டப்பகலில் வரப்பை வெட்டி அவர் பக்கம் மடை திறந்தேன். தேக்கி வைத்த உப்புத்தண்ணீர் அவருடைய மரவள்ளிக் காட்டுக்குள் கலகலவென்று ஓடியது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாவி மனசுக்குப் பழமொழியா பஞ்சம்! அவர்கள் திரும்புவதற்குள் வரப்பை அடைத்துவிட்டேன். அடுத்த இரண்டு தடவையும் அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வடித்தேன்.

என் காட்டில் நெல் பச்சை கட்டியது. இரண்டு வருஷத்தில் அண்ணன் காடு வெள்ளை பூத்தது. கிழங்கு விரல் பருமனுக்கு மேல் திரளவில்லை. அவரும் ஜிப்சம் வாங்கிப் போட்டார். தண்ணீர் தேங்கியது, ஓடை என் பாகத்தை ஒட்டி ஓடுவதால் அவர் பக்கம் வடிய வழியில்லை. ஒருநாள் வரப்பில் வந்து நின்றார்.

“உன்ற வரப்போரமா ஆழமா ஒரு வாய்க்கா உட்டீன்னா ஓடைக்குப் போயிரும் சாமி.”

“தென்னம்புள்ளையெல்லாம் போயிருமுங்கண்ணா,” என்றேன்.

அவர் மரங்களைப் பார்த்தார். அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருஷம் காட்டைச் சும்மா போட்டுவிட்டு, திருச்செங்கோட்டில் ஒரு மில்லுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். எனக்கு மூத்தவர், கேட்டில் நின்று லாரிக்காரர்களுக்கு சல்யூட் அடித்தார். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரப் பல வருஷம் ஆனது.

போன சித்திரையில் தென்னைகளைச் சாய்த்துவிட்டு ஜேசிபியை வரவழைத்தேன். அண்ணன் லீவில் வந்திருந்தார். முழங்கால் வலியோடு மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் நின்றார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று டிரைவர் என்னைக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கையை நீட்டினார்.

“அன்னைக்கு நீ மடை தொறந்த எடத்துலருந்தே வெட்டச் சொல்லு சாமி. அங்கதான் பள்ளம்.”

இத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அங்கிருந்தே வெட்டச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினேன். வாய்க்கால் அரை நாளில் முடிந்துவிட்டது. சாயங்காலம் அவர் மில்லுக்கு பஸ் ஏறிப் போனார்.