அழித்த தழும்பு

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிசைனராக இருந்தேன். பொழுதெல்லாம் பட்டாசு லேபிள்தான் வேலை. சொந்தச் செலவில் புத்தகம் போட வருகிறவர்களையும் முதலாளி என்னிடமே தள்ளிவிடுவார். என்ன தாள், எத்தனை பக்கம், எத்தனை பிரதி என்று நான்தான் அவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். எனக்கு வாய் நீளம். அட்டையைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று பெரிய மேதாவி மாதிரி எல்லோரிடமும் பேசுவேன்.

அச்சங்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி. அதே கம்பெனியில் வேலை பார்த்த மனைவி வெடிவிபத்தில் இறந்து வருடம் திரும்பப் போகிறது. அவளைப் பற்றி ஒரு நோட்டு நிறையக் கவிதை எழுதியிருந்தார். சுமாரான கவிதை என்று அன்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்று கூசுகிறது. ஐநூறு வேண்டாம், மிச்சம் பரணில்தான் கிடக்கும், இருநூறு போதும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவராகக் கேட்டது ஒன்றே ஒன்று. யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்த படம் ஒன்றை நீட்டினார்; அதில் அவள் ஓரமாக நின்றிருந்தாள்.

"முகம் மட்டும் பெருசா அட்டையில வரணும் அண்ணாச்சி. மகளுக்கு ரெண்டு வயசு. ஒங்க ஆத்தா இதுதான்னு காட்ட வேற படமில்ல."

எங்கள் ஊரில் சின்ன வேலைக்கெல்லாம் தனியாக மெஷின் ஓட்ட மாட்டார்கள். லேபிள் அடிக்கிற பெரிய தாளில் காலி இடம் விழுந்தால் அதில் ஏற்றி அடித்துவிடுவோம். தீபாவளி சீசன். ராக்கெட் லேபிள் ஒன்று மதியம் மெஷினுக்குப் போகிறது, ஓரத்தில் இடம் இருக்கிறது என்றார்கள். அச்சங்குளத்திலிருந்து அவரை வரவழைத்து அட்டையைக் காட்ட நேரமில்லை. அவசர அவசரமாக முகத்தைச் சரிசெய்தேன். லேபிளில் வருவது எந்த முகமானாலும் வெளுப்பாக்கி, கன்னத்தில் சிவப்பேற்றி, மரு மச்சமெல்லாம் துடைத்துவிடுவோம். ஆர்டர் கொடுப்பவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அவள் தாடையில் பழைய தீத்தழும்பு ஒன்று இருந்தது. இரண்டு நிமிட வேலை. அழகாக்கிவிட்டேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன் வேறு.

திதிக்கு முதல்நாள் புத்தகங்களை எடுக்க வந்தார். ஒன்றை எடுத்து வெகுநேரம் பார்த்தார். அதை வைத்துவிட்டு, கட்டின் அடியிலிருந்து இன்னொன்றை உருவிப் பார்த்தார்.

"நல்லா இருக்காக. ஆனா இது அவ இல்லையே அண்ணாச்சி."

தழும்பை எடுத்தது நான்தான், படம் எடுப்பாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன் என்று உளறினேன். அவர் அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சின்ன வயசுல வெடிமருந்து பட்டு வந்தது. வெடிச்ச அன்னைக்கு ஆஸ்பத்திரியில எல்லாரையும் வரிசையாக் கெடத்தியிருந்தாக. அந்தத் தழும்ப வச்சுத்தான் இவதான்னு காட்டுனேன்."

வேறு அட்டை அடித்துத் தருகிறேன் என்றேன். விடிந்தால் திதி, அதற்குள் ஆகாது என்பது இருவருக்கும் தெரியும். மேஜையில் கிடந்த கறுப்பு மார்க்கரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீங்கதான அழிச்சீக. நீங்களே போட்டுருங்க."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. முதல் புத்தகத்தை என் முன்னால் நேராக வைத்தார். மார்க்கரின் மூடியைத் திறந்தேன். தழும்பு இருந்தது இடது தாடையிலா, வலது தாடையிலா என்று எனக்கு நினைவில்லை.