பானை ஓட்டில் ஓர் இடக்கை

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு மாரீஸ்வரி வாசலில் வந்து நின்றார். காலெல்லாம் மண்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஆதி காலத்துல இடக்கைக்காரவுக இருந்தாகளா?"

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று திருத்தங்கலில் இன்னும் சிலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் கெடுப்பதில்லை. "இல்லாமயா இருந்திருப்பாக?" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி வைத்தேன்.

"அப்படியில்ல அண்ணாச்சி. எனக்கு நிச்சயமாத் தெரியணும்."

மாரீஸ்வரி பதினெட்டு வருடம் பட்டாசு கம்பெனியில் திரி முறுக்கியவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். அதனால் இந்த வருடம் வைப்பாற்றங்கரை மேட்டில் நடக்கும் அகழாய்வுக்கு வேலைக்குப் போகிறார். குழியிலிருந்து வரும் பானை ஓடுகளைக் கழுவிக் காய வைக்க வேண்டும். அன்று கழுவிய ஓர் ஓட்டில், பானை விளிம்பு நெடுக யாரோ வரிசையாக விரலை அழுத்தி அழகு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் பிறை மாதிரி நகத்தின் தடம். எத்தனை ஆயிரம் வருடத்துக்கு முந்தைய விரல் என்று இன்னும் முடிவாகவில்லை.

"நம்ம கைக்கு எதிர்ப்பக்கமா நகம் சாஞ்சிருக்கு அண்ணாச்சி. திரியிலயும் அப்படித்தான்... முறுக்கு மாறிப் போயிருந்தா, இது ஜோதி முறுக்குனதுன்னு தொட்டுப் பாத்தே சொல்லிருவேன்."

ஜோதி அவருடைய தங்கை. இடது கைக்காரர். ஆறு வருடத்துக்கு முன் ஒரு வெடிவிபத்தில் இறந்துபோனார். தீப் பிடித்ததென்னவோ பக்கத்து அறையில். ஆனால் துக்கம் கேட்க வந்த யாரோ, "பீச்சாங்கையால வேல பாத்தா..." என்று இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். முடிக்காத அந்த வாக்கியம் மாரீஸ்வரிக்குள் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

ஜோதியின் மகள் ஹரிணியை அவர்தான் வளர்க்கிறார். எட்டு வயது. அவளும் இடது கை. பென்சில் அந்தக் கைக்குப் போனால் பிடுங்கி வலது கையில் திணிப்பார். சாப்பிடும்போது சில நாள் அந்தக் கையைத் துண்டால் கட்டிக்கூட வைத்திருக்கிறார். கோபத்தில் இல்லை... பயத்தில். எல்லாம் என் ஜன்னலுக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஹரிணிக்குப் பள்ளி இல்லை. மூன்று பேருமாக அகழாய்வு மேட்டுக்குப் போனோம்.

அங்கே பொறுப்பில் இருந்த மேடம் இளம் வயதுக்காரர். ஓட்டை லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். "விரல் அலங்காரம்னு எழுதிட்டுப் போயிட்டேன்க்கா. எந்தக் கைன்னு யோசிக்கவே இல்ல," என்றார்.

பிறகு களிமண்ணைப் பிசைந்து பானை விளிம்பு மாதிரி வளைத்து, எங்களை அழுத்தச் சொன்னார். நான், மாரீஸ்வரி, மேடம், மண் அள்ள வந்தவர்கள்... எல்லாருடைய நகமும் ஒரே பக்கம் சாய்ந்தது. பழைய ஓட்டில் இருந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம்.

"இங்க இடது கைக்காரங்க யாராவது இருக்கீங்களா?"

ஹரிணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

மாரீஸ்வரி அவள் முன்னால் உட்கார்ந்து, இடது கையை மெல்ல இழுத்து, தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

"அமுக்குத்தா. இந்தக் கையாலயே அமுக்கு."

அவள் நாலு இடத்தில் அழுத்தினாள். மேடம் பழைய ஓட்டைப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் நகங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. மாரீஸ்வரி இரண்டையும் மாறி மாறித் தடவினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, கையில் களிமண்.

மேடம் நோட்டில் 'இடக்கையாக இருக்கலாம்' என்று எழுதினார்.

"இருக்கலாம்னா... நிச்சயமில்லையா?"

"பானையை மடியில சாய்ச்சு வச்சு அழுத்தியிருந்தாலும் இப்படி வரலாம்க்கா. ஆனா நீங்க சொல்லலேன்னா இந்த வரியே இருந்திருக்காது."

மாரீஸ்வரி யோசித்தார். "சரி. இருக்கலாம்னே இருக்கட்டும்."

ஆதி மனிதன் நெருப்பை உண்டாக்கினான், சக்கரத்தைச் செய்தான் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். எந்தக் கையால் என்று நம்மில் யாராவது கேட்டோமா? கேட்பதற்கு ஒரு ஜோதியைப் பறிகொடுத்திருக்க வேண்டுமோ என்னவோ.

திரும்பி வரும் பஸ்ஸில் ஹரிணி காராச்சேவு பொட்டலத்தைப் பிரித்து இடது கையால் தின்றுகொண்டு வந்தாள். பக்கத்து சீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாப்பா, சோத்தாங்கையால சாப்பிடணும்."

மாரீஸ்வரி நிதானமாகத் திரும்பினார்.

"இருக்கட்டும்மா. இது ரொம்பப் பழைய பழக்கம்."