தண்ணீர்க் குட்டிச்சாத்தான்

பத்து வயதில் ஒரு கோடை முழுக்க நான் தண்ணீருக்கடியில் மூச்சுவிடுகிற இனத்தைச் சேர்ந்தவளாக இருந்தேன். அதுவும் எங்கே? மொரப்பூரில்! எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். குழாயைத் திருகினால் மூன்று நாளைக்குக் காற்று வரும், நான்காம் நாள் கொஞ்சம் தண்ணீர் வரும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, எனக்குக் கழுத்தில் செவுள் இருக்கிறது என்று சொல்லித் திரிந்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் பெரியப்பா மகன். பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அண்ணன். லீவுக்கு எங்கள் ரயில்வே கோட்டர்ஸுக்கு வந்து இறங்கினான். அவன் பெட்டியில் நாலு சட்டையும் ஒரு தடித்த லாங் சைஸ் நோட்டும் இருந்தன. ஹாஸ்டலில் யாரோ ஒரு பையனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து ஒரு விளையாட்டுப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்திருந்தாராம். அதைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷில் கையாலேயே எழுதி எடுத்து வந்திருந்தான்.

அந்த விளையாட்டுக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாகப் போய் நிற்க வேண்டும். "முன்னாடி ஒரு குகை இருக்குது. உள்ளார என்னமோ உறுமுது. என்ன பண்ற?" என்று அண்ணன் கேட்பான். ஓடுவதா, உள்ளே போவதா என்று நாம் சொல்ல வேண்டும். நாம் நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை போட்டுப் பார்ப்பார்கள். ஹாஸ்டலில் இருபது முகம் உள்ள பகடை இருந்ததாம். அதற்கு மொரப்பூரில் எங்கே போவது? இருபது புளியங்கொட்டையைப் பொறுக்கி, ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை சிமெண்டுத் தரையில் தேய்த்தோம். வீசினால் எத்தனை வெள்ளை விழுகிறதோ, அத்தனை.

முதலில் ஆளுக்கொரு இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தம்பி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, கோடாலி தூக்குகிற குள்ளர் இனம் என்றான். எனக்காக அண்ணன் ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்கொண்டே போனான். மலைவாசி, வனவாசி, அரைமனிதன் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு 'அக்வாட்டிக் எல்ஃப்' என்று ஒன்று வந்தது. கடலுக்கும் ஆற்றுக்கும் அடியில் வீடு கட்டி வாழ்பவர்கள். பச்சைத் தோல். கழுத்தில் செவுள். மீன்களோடு பேசுவார்கள். கரைக்கு வந்தால் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க மாட்டார்கள், அடிக்கடி நனைந்துகொண்டே இருக்க வேண்டும்.

"அண்ணா, அது! அதுதான்! வேற எதையும் படிக்காதே!" என்று குதித்தேன். நாள் தவறாமல் குடத்தோடு வரிசையில் நிற்கிறவளுக்குத் தண்ணீருக்குள்ளேயே வீடு! அதைவிடப் பெரிய பணக்காரத்தனம் உலகத்தில் இருக்கிறதா என்ன?

ஒரே ஒரு சிக்கல். எல்ஃப் என்றால் தமிழில் என்ன? அண்ணனுக்குத் தெரியவில்லை. அப்பாவின் இங்கிலீஷ்-தமிழ் அகராதியைத் தூக்கி வந்து பார்த்தேன். எல்ஃப்: குட்டிச்சாத்தான் என்று போட்டிருந்தது. அகராதியே சொன்ன பிறகு நமக்கென்ன? மாதா கோயிலில் வேதபாடம் எழுதுகிற என் ஞானோபதேச நோட்டின் கடைசித் தாளில், இனம்: தண்ணீர்க் குட்டிச்சாத்தான் என்று குண்டு குண்டாக எழுதினேன். அதற்குக் கீழே தோல், ஆயுதம், சாமி, எத்தனை உயிர் என்று என் ஆளைப் பற்றி அண்ணன் கேட்டதெல்லாம். வீட்டில் வேறு வெற்றுத்தாள் கிடையாது, அதனால் அந்த நோட்டு.

"இந்தத் தாள பத்திரமா வெச்சுக்க. தாள் போச்சுன்னா ஆள் போச்சு. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றான் அண்ணன். விதிகளில் அவன் அவ்வளவு கறார். பேர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். அவன் சொன்ன பெயர்கள் எதுவும் என் வாயில் நுழையவில்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா! ஸ்டேஷனுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த பழைய தண்ணீர்த் தொட்டிதான் எங்கள் கடல். காலையில் அதற்குள் இறங்கினால் சோற்றுக்குத்தான் ஏறுவோம். கூட்ஸ் வண்டி போகும்போது அண்ணன் பேச்சு கேட்காது. கடல்பூதம் என்னை விழுங்கியதா இல்லையா என்று தெரியாமல், ஐம்பது பெட்டியும் போய் முடிகிறவரை எண்ணிக்கொண்டே நிற்பேன். கரைக்கு ஏறுகிற கட்டம் வந்தால் வீட்டுக்கு ஓடி, டிரம்மில் தலையை முக்கிக்கொண்டு ஓடி வருவேன். விதி விதிதானே! டிரம்மில் தண்ணீர் குறைவது ஏன் என்று அம்மா இரண்டு முறை பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டாள்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு எனக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிற நாள். எங்கள் கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவள் அத்தை, அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். ஆனால் பக்தியில் அத்தையையே மிஞ்சியவள் அம்மா. சாயங்காலச் செபத்தில் அத்தை ஒரு வார்த்தையை விழுங்கினால்கூட அம்மா கண்ணைத் திறந்து பார்ப்பாள். என் வகுப்புப் பிள்ளைகள் லீவு விட்டதும் மாமா வீட்டுக்குப் போவார்கள். எங்களுக்கு மாமாவும் கிடையாது, அம்மா பிறந்த வீடும் கிடையாது. அது எனக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை, சிலருக்கு அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுநன்மைக்கு எட்டு நாள் இருக்கும்போது அத்தை என் நோட்டைத் திருத்த எடுத்தாள். கடைசித் தாள் வரைக்கும் திருத்தினாள்.

"சேசு மரி சூசையே! அண்ணி, இங்க வாங்க! இந்தப் புள்ள என்ன எழுதி வெச்சிருக்குதுன்னு பாருங்க. இனம், தண்ணீர்க் குட்டிச்சாத்தான். தோல், பச்சை. கையில், சூலாயுதம். சாமி, ஆழ்கடல் சாமி. உயிர், பதினொண்ணு!"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். படித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அத்தையே பயந்துவிட்டாள்.

"எங்கிருந்துடி கத்துக்கின இதை? யாரு சொன்னா உனக்கு? நான் எதையெல்லாம் வுட்டுட்டு வந்து இந்தக் கோயில்ல முட்டி போட்டுன்னு இருக்கேன், நீ சாத்தான்னு எழுதறியா, அதுவும் ஞானோபதேச நோட்டுல!"

தாளைச் சர்ரென்று கிழித்தாள். அடுப்பைப் பார்த்து நடந்தாள். எனக்கு உலகமே நின்றுவிட்டது. பூதத்திடம் தப்பி, சுழலில் தப்பி, பதினோரு உயிரோடு நின்றுகொண்டிருந்த என் ஆள் விறகடுப்பில் சாகப் போகிறாள்! ஓடிப் போய் அம்மாவின் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

"எரிச்சா அவ செத்துருவாம்மா! நெசமாவே செத்துருவா! அவ ஒண்ணும் பண்ணலம்மா, தண்ணிய வுட்டு வந்துட்டா, அவ்ளோதாம்மா!"

அம்மா நின்றாள். "யாரு?" என்றாள்.

நான் முந்தானையை விடாமல் அழுதேன். அண்ணன்தான் முன்னால் வந்தான். தடித்த நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கோர்ட்டில் நிற்கிறவன் மாதிரி சொன்னான். "சித்தி, டிக்‌ஷனரியில தப்பா போட்டிருக்குதுங்க. இது சாத்தான் கிடையாது. ஆத்துக்குள்ள இருக்கற ஜனங்க. நல்லவங்க. நம்ம சம்மனசு, தேவதூதருங்க மாதிரின்னு வெச்சுக்கங்களேன். இவ அந்த ஜனத்துல ஒருத்தி. கரைக்கு வந்துட்டா."

"யாரு இழுத்துன்னு வந்தாங்க?"

"யாரும் இல்லீங்க. அவளா இஷ்டப்பட்டு வந்தா."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "திரும்பிப் போவலாமா?" என்று கேட்டாள். "உன் நோட்டுல என்ன போட்டிருக்குது?"

அண்ணன் பக்கங்களைப் புரட்டினான். ரொம்ப நேரம் புரட்டினான். அப்படி ஒரு வரி அந்த நோட்டில் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். "போலாமுங்க சித்தி" என்றான் கடைசியில். "ஆனா அவங்க ஜனம் சேத்துக்குமான்னு சொல்ல முடியாது. கொட்டை போட்டுத்தான் பாக்கணும். பதினாலு வெள்ளை விழணும்."

பதினாலா! நாங்கள் விளையாடிய நாளில் பதினாலு விழுந்ததே ஒரு தடவையோ இரண்டு தடவையோதான்.

அம்மா தாளை மறுபடி பார்த்தாள். "பேரு ஏன் எழுதல?" என்றாள். வாயில் நுழையவில்லை என்று விக்கிக்கொண்டே சொன்னேன்.

"மாதம்மான்னு போடு."

அத்தை அம்மாவை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். மாதம்மா என்பதை நான் மாதாவின் பெயர் என்று எடுத்துக்கொண்டேன். அம்மாவின் பக்திக்கு வேறு என்ன பெயர் வரும்? சாத்தானை அடித்து சம்மனசு என்று எழுதினேன், பேர் மாதம்மா என்று எழுதினேன். இனி பயமில்லை, நானும் என் ஆளும் ஒரே நாளில் புதுநன்மை வாங்கலாம் என்று இருந்தது.

அன்றையிலிருந்து அம்மா விளையாட்டுக்குள் வந்துவிட்டாள். உட்கார மாட்டாள், ஒத்துக்கொள்ளவும் மாட்டாள். சும்மா அரிசி புடைக்க வந்தவள்போல் பக்கத்தில் வந்து நின்று, "இப்ப எங்க இருக்குறா?" என்று கேட்பாள். மலைமேல் ஒரு கோட்டையில் பொற்காசு நிறைய இருக்கிறது, எடுக்கப் போகிறேன் என்றால், "காசைக் கொண்டுபோயி என்னாடி பண்றது, ஆத்துப் பக்கம் போகச் சொல்லு" என்பாள். தம்பியின் குள்ளனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அண்ணன் ஊருக்குப் போக வேண்டிய நாள் வந்தது. வண்டிக்கு முக்கால் மணி நேரம். பெட்டி வாசலில். என் ஆள் ஆற்றங்கரையில் நிற்கிறாள், உயிர் இரண்டுதான் பாக்கி. தண்ணீருக்கடியில் அவள் ஜனத்தின் கதவு. சேர்த்துக்கொண்டால் பிழைப்பாள், இல்லையென்றால் கரையிலேயே மூச்சு முட்டிச் சாவாள்.

"நீ போடும்மா" என்று கொட்டைகளை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா வேண்டாம் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இரண்டு கையாலும் பொத்திக் குலுக்கி, கண்ணை மூடி வீசினாள்.

தம்பியும் நானும் தலையோடு தலை முட்டிக்கொண்டு எண்ணினோம். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று! மீதி எல்லாம் கறுப்பு. ஒன்றே ஒன்று மட்டும் உருண்டு போய், தண்ணீர் டிரம்மின் அடியில் சாய்ந்து நின்றது, வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அம்மா குனிந்தாள். ஒற்றை விரலால் அந்தக் கொட்டையைத் தட்டி வெள்ளைப் பக்கம் தெரியச் சாய்த்தாள்.

"வெள்ளைதான்" என்றாள்.

என் அம்மா! செபத்தில் ஒரு வார்த்தை குறைந்தால் பொறுக்காத அம்மா! மூவரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஆமா, வெள்ளைதான். நானும் பாத்தேன்" என்றாள் அத்தை.

அண்ணன் எழுந்து நின்று, "கதவு திறந்தாச்சு!" என்று கத்தினான். நான் போட்ட கூச்சலில் அப்பா ஸ்டேஷனிலிருந்து எட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

புதுநன்மை நல்லபடியாக முடிந்தது. அதற்கு அடுத்த வாரம் அம்மா அப்பாவிடம் ஏதோ பேசினாள், அப்பா சரி என்று தலையாட்டினார். என்னை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். தருமபுரி போய், பென்னாகரம் போய், அங்கே இன்னொரு பஸ் மாறி, அது நின்ற இடத்திலிருந்து வெயிலில் நடந்தோம். எங்கே என்று கேட்டேன். "ஆத்தப் பாக்கணும்னியே, காட்டறேன் வா" என்றாள். மேடு ஏறி இறங்கினால், யப்பா! காவிரி! கோடைக்கு மெலிந்துதான் போயிருந்தது, ஆனால் எனக்கு அத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தாளை மடித்து சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு ஓடிப் போய் முட்டிவரை இறங்கினேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக வந்து நின்றாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். துணி அடிப்பதை அப்படியே நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு துணியைத் தண்ணீரில் விட்டுவிட்டு எழுந்தார்.

"மாதம்மா? ஏய், மாதம்மா தான நீயி?"

அந்தப் பெயரை அங்கே நான் யாரிடமும் சொல்லவில்லை. தாள் என் பைக்குள் இருக்கிறது!

அம்மா நகரவில்லை. "அண்ணி" என்றாள், பாதிக் குரலில்.

"பன்னெண்டு வருசமாச்சேடி!" அந்த அம்மா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, அம்மாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். "வா வூட்டுக்கு. உங்கண்ணன் என்ன சொல்லுதுன்னு நான் பாத்துக்கறேன். வா சொல்றேன்."

"அம்மா, பதினாலு! பதினாலு!" என்று ஆற்றுக்குள் நின்று குதித்தேன்.

எல்லோரும் மேரி என்று கூப்பிடுகிற அம்மாவுக்கு, கிறிஸ்தவ வேதத்தில் சேருவதற்கு முன்னால் வேறொரு பெயர் இருந்திருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊர் திரும்பியதும் இன்லேண்டு லெட்டர் வாங்கி அண்ணனுக்கு எழுதினேன். உன் நோட்டில் இருப்பது அத்தனையும் நிஜம். ஆற்றோரத்தில் எல்லோருக்கும் நம் தண்ணிக்காரியின் பெயர் தெரிந்திருக்கிறது. சேர்த்துக்கொண்டார்கள், களியும் மீன் குழம்பும் போட்டார்கள். ஆனால் பாவம், அவர்கள் என் அம்மாவைத்தான் மாதம்மா என்று தப்பாக நினைத்துக்கொண்டார்கள். அம்மாவும் கடைசிவரை அதைத் திருத்தவே இல்லை.