வேப்பிலை செருகிய சைக்கிள்

எங்கள் ஊரில் முதலில் சைக்கிள் ஓட்டிய பெண்பிள்ளை நான்தான். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் கேரியரில் பால் கேனைக் கட்டிக்கொண்டு ரிஷிவந்தியத்தில் இருக்கும் சொசைட்டிக்குப் போவேன். அதே நேரத்துக்குத்தான் பின்னாலிருந்து கள்ளக்குறிச்சி பஸ் வரும்.

அந்த டிரைவருக்கு சைக்கிள் என்றாலே ஆகாது. பொம்பளை ஓட்டுகிற சைக்கிள் என்றால் சுத்தமாக ஆகாது. முதுகுக்குப் பின்னால் வந்து ஆரனை அழுத்தி, உரசுகிற மாதிரி கடந்துபோவார். நான் தார் ரோட்டிலிருந்து மண்ணில் இறங்கி, தடுமாறி, கேனோடு விழுவேன்.

"ஏம்மா, ரோடு இன்னா உங்கப்பன் வூட்டு வாசலா?" என்று கேட்டுக்கொண்டே போய்விடுவார்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விழுந்து கிடந்தபடியே ஒருநாள் அந்த பஸ்ஸின் பின்பக்கத்தைக் கூட்டிப் படித்தேன். நன்றி, மீண்டும் வருக.

வீட்டுக்காரர் காலிக் கேனைப் பார்த்தார். "இன்னொரு தபா பால கொட்டிக்கினு வந்தன்னா சைக்கிள வித்துடுவேன். அப்பறம் தலையில வச்சிக்கினு நடந்தே போ."

சொன்னால் செய்கிற மனுஷன்.

ஆடி வந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளன்று மஞ்சள் புடவை கட்டி, கோயிலுக்கு வேண்டிய வேப்பிலைக் கொத்தை ஹேண்டில்பாரில் செருகிக்கொண்டு பாலோடு கிளம்பினேன். பின்னால் பஸ் சத்தம் கேட்டது, ஆரன் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பஸ் சினை மாடு மாதிரி மெல்ல வந்து, ரோட்டின் அந்த ஓரத்துக்கே ஒதுங்கிப் போகிறது. டிரைவர் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

அட, இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன். மனுஷிக்கு ஒதுங்காத பஸ் வேப்பிலைக்கு ஒதுங்குகிறது. ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று, மஞ்சள் புடவையும் வெளுத்துப் போயிற்று. என் ஹேண்டில்பாரில் வேப்பிலை மட்டும் வாடவே இல்லை. வழியெல்லாம் வேப்பமரம்தானே.

ஐப்பசியில் ஒருநாள் அந்த பஸ் என்னைத் தாண்டிப் போய் நின்றது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார்.

"தாயே, ஆடி போயும் ஆத்தா உங்கள வுடல போல. எனக்கு ஒரு வாக்கு சொல்லுங்க."

ஜன்னலோரத்தில் பார்த்தால் என் வீட்டுக்காரர். உரம் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போகிறவர், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கண்ணை மூடி உடம்பைக் கொஞ்சம் ஆட்டினேன்.

"சைக்கிள்ள போறவங்க, நடந்து போறவங்க, எல்லாரு கூடவும் நான் போய்க்கினு இருக்கேன்டா. ஒரசாத போ."

"சரிங்க தாயே."

"ஒன் பஸ்ஸுல ஒருத்தன் குந்திக்கினு இருக்கான். பொண்டாட்டி சைக்கிள விப்பேன்னு சொன்னவன். அவன்கிட்டயும் சொல்லி வை."

டிரைவர் பஸ்ஸில் ஏறி, "யாருங்க அது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டார். பிறகு கொல்லைக்குப் போய், ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்துக்கொண்டு வந்து அவரே ஹேண்டில்பாரில் செருகினார்.